உல்லாசப் படகும் பெயரிடும் உரிமையும்

கலத்துக்குப் பெயரிடுவதும், அதை முதன்முறை நீரில் இறக்கும்போது சடங்கு செய்வதும் வெவ்வேறு தோற்றமுடைய இரு வழக்கங்கள். ஐரோப்பிய, அமெரிக்கத் துறைமுகங்களில் இன்று அவை ஒரே விழாவாகக் கலந்து காணப்பட்டாலும், முன்னது உடைமையையும் அடையாளத்தையும் சார்ந்தது. பின்னது கடலின் மீதான அச்சத்தில் பிறந்தது. போர்க்கப்பலின் பெயரை அரசு முடிவு செய்தது; வணிகக் கப்பலின் பெயரைப் பங்காளிகளையும் சரக்கு அனுப்புவோரையும் மனத்தில் கொண்டு முதலாளி முடிவு செய்தார். பொழுதுபோக்குக்காகவும் பந்தயத்துக்காகவும் மட்டுமே கட்டப்பட்ட 'யாட்' எனும் உல்லாசப் படகுக்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. எனவே பதினேழாம் நூற்றாண்டு முதல் இப்படகுகள் தாங்கிவந்த பெயர்கள், உரிமையாளர் எதை விரும்பினார் என்பதற்கும், அந்த விருப்பத்தில் பிறர் தலையிட்டபோது எழுந்த பூசல்களுக்கும் நேரடிச் சான்றுகளாக நிற்கின்றன.

சடங்கின் வேர்கள் உல்லாசப் படகைவிட மிகப் பழமையானவை. கி.மு. 415இல் ஏதென்ஸின் கடற்படை சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டபோது, பைரேயஸ் துறைமுகத்தில் தலைவர்களும் வீரர்களும் பொன், வெள்ளிக் கிண்ணங்களிலிருந்து மதுவை வார்த்துத் தெய்வங்களை வேண்டியதை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். ரோமானியரிடையே பாய்மரத்தின் அடி பொருந்தும் குழியில் நாணயம் வைக்கும் வழக்கம் இருந்தது. 1962இல் லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து வெளிப்பட்ட கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கலம் ஒன்றில் அந்தக் குழியிலேயே டொமிஷியன் பேரரசரின் வெண்கல நாணயம் கிடைத்தது; அதன் ஒரு முகத்தில், கப்பலின் சுக்கானைக் கையில் பிடித்தபடி நற்பேற்றின் தேவதையான ஃபோர்ச்சூனா நிற்கிறாள். நாணயத்தை வைத்த தச்சர் அந்த உருவத்தைப் பார்த்தே அதைத் தேர்ந்தார் என்று கருதுவது மிகையாகாது.

இடைக்கால ஐரோப்பாவில் இப்பொறுப்பு திருச்சபையிடம் சென்றது. 1418இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் 'கிரேஸ் டியூ' என்ற பெருங்கப்பலை ஆசீர்வதிக்க பேங்கர் நகரின் ஆயர் சவுத்தாம்ப்டனுக்கு அனுப்பப்பட்டு, அதற்காக 5 பவுண்டு பெற்றார். கத்தோலிக்க வழிபாட்டு நூல்கள் கப்பலுக்கு உரியதாக ஆசீர்வாத மன்றாட்டை மட்டுமே தருகின்றன. ஞானஸ்நானம் மனிதருக்கே உரியது என்பதில் திருச்சபைக்கு ஐயமில்லை. ஆயினும் மக்கள் வழக்கில் குழந்தைக்குச் செய்யும் சடங்கின் பெயரே கப்பலுக்கும் ஒட்டிக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ரோமின் தலைமையிலிருந்து விலகிய பின்னர், குருவானவர் நின்ற இடத்தில் அரச குடும்பத்தாரோ கடற்படை அதிகாரியோ நின்றனர். புனித நீருக்குப் பதிலாக மது வந்தது. உயரமான அடித்தண்டு கொண்ட விலையுயர்ந்த கோப்பையில் மதுவை நிரப்பி, ஒரு பகுதியைப் பருகி, கப்பலின் பெயரை உரக்கச் சொல்லி, எஞ்சியதை மேல்தளத்தில் ஊற்றி, கோப்பையைக் கடலில் வீசுவதே அக்கால முறை.

இதன் மிக நுட்பமான வருணனையைக் கப்பல் கட்டும் கலைஞர் ஃபினியாஸ் பெட் தமது தன்வரலாற்றில் விட்டுச்சென்றுள்ளார். 1610 செப்டம்பரில் வூல்விச்சில் அவர் கட்டிய 'பிரின்ஸ் ராயல்' அரச குடும்பமே கூடியிருந்த வேளையில் கட்டுதளத்தின் குறுகிய வாயிலில் சிக்கி நின்றது. அடுத்த ஓதம் ஏறும்வரை காத்திருந்து, நள்ளிரவுக்குப் பின் திரும்பிவந்த இளவரசர் ஹென்றி மதுவை வார்த்துப் பெயரிட்டார். கோப்பையைக் கடலில் எறியாமல் பெட்டின் கையிலேயே கொடுத்தார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கடற்படை விரிவடைந்து, கப்பல்கள் அடுத்தடுத்து நீரில் இறங்கியபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக் கோப்பையை இழப்பது கட்டுப்படியாகாமல் போனது. அணியம் எனப்படும் கப்பலின் முகப்பில் மதுப்புட்டியை உடைக்கும் பழக்கம் அதன் இடத்தில் வேரூன்றியது. இன்று தொன்மையின் அடையாளமாகக் கருதப்படும் செயல் உண்மையில் ஒரு சிக்கன நடவடிக்கையாகப் பிறந்தது.

இக்காலத்தில்தான் உல்லாசப் படகு இங்கிலாந்தை அடைந்தது. நாடு கடந்து வாழ்ந்த இரண்டாம் சார்லஸ் 1660இல் அரியணைக்குத் திரும்பியபோது, ஆம்ஸ்டர்டாம் நகரம் டச்சு கிழக்கிந்திய நிறுவனத்திடமிருந்து ஒரு விரைவுப் படகை வாங்கி அவருக்குப் பரிசளித்தது. 'மேரி' எனப்பட்ட அப்படகு 1675இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவருகே பாறையில் மோதி மூழ்கியது. அதன் எச்சங்கள் 1971இல் கண்டெடுக்கப்பட்டன. மன்னரும் அவர் தம்பி யார்க் கோமகனும் அதைப் பின்பற்றித் தத்தமக்குப் படகுகள் கட்டிக்கொண்டனர். மன்னருடையது 'கேதரின்', தம்பியுடையது 'ஆன்'. 1661 அக்டோபர் 1ஆம் நாள் இவ்விரண்டும் கிரீனிச்சிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை சென்று திரும்பும் போட்டியில் 100 பவுண்டு பந்தயத்துக்கு ஓடின. எதிர்க்காற்றில் சென்றபோது மன்னர் தோற்றார், திரும்பும் வழியில் வென்றார். உடனிருந்த ஜான் ஈவ்லின் தமது நாட்குறிப்பில் இதை எழுதியுள்ளார். கோமகனின் படகு அவர் மணந்திருந்த ஆன் ஹைடின் பெயரைத் தாங்கியது. மன்னரின் படகோ, போர்த்துக்கல்லிலிருந்து இன்னும் வந்துசேராத மணமகளான பிரகான்சாவின் கேதரினுடைய பெயரைத் தாங்கியது. அவ்வம்மையார் இங்கிலாந்து மண்ணில் கால்வைத்தது 1662 மே மாதத்தில்தான். மன்னர் முகம்கூடப் பாராத அரசியின் பெயர் அதற்குள் தேம்ஸ் ஆற்றில் ஒரு பந்தயம் ஓடிவிட்டது.

சார்லஸ் வைத்த பெயர்களில் வரலாற்றாசிரியர்கள் போதிய கவனம் செலுத்தாதது 'ராயல் எஸ்கேப்'. 1651 அக்டோபரில், தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையில் அவரை ஷோர்ஹாமிலிருந்து பிரான்சின் ஃபெக்காம் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது நிக்கோலஸ் டெட்டர்செல் என்ற மாலுமியின் நிலக்கரிப் படகு. அதன் பெயர் 'சர்ப்ரைஸ்'. அரியணைக்குத் திரும்பிய பின் மன்னர் அதை விலைக்கு வாங்கி, 'அரசரின் தப்பித்தல்' என்று பொருள்படும் புதுப்பெயரைச் சூட்டி, வைட்ஹால் அரண்மனைக்கு எதிரே ஆற்றில் நிறுத்திவைத்தார். ஆட்சியாளர்கள் பொதுவாக வெற்றிகளையே கலங்களில் பொறிப்பர். தாம் மாறுவேடத்தில் ஒளிந்தோடிய நாளைப் பெயராக்கி நாள்தோறும் அவையோர் கண்முன் மிதக்கவிட்ட இம்மன்னரின் செயலில், நன்றியுணர்வோடு அரசியல் கூர்மையும் கலந்திருந்தது: இறைவன் காத்த அரசர் என்ற செய்தியை அந்தக் கரிப்படகு பறைசாற்றியது. 1682இல் கட்டப்பட்ட 'ஃபப்ஸ்' முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. மன்னர் தம் காதலியான போர்ட்ஸ்மவுத் கோமகளின் கொழுத்த உடல்வாகைக் கொஞ்சி அழைத்த செல்லப்பெயர் அது. மன்னர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகும் கடற்படையின் ஆவணங்களில் அப்பெயர் நீடித்தது. மனைவி, காதலி, உயிர்தப்பிய நாள் என்று இன்றைய சிறு படகுகளின் பின்புறத்தில் எழுதப்படுபவற்றுக்கெல்லாம் முன்மாதிரிகள் அந்த ஒரே ஆட்சிக்காலத்தில் தோன்றிவிட்டன.

அமெரிக்காவின் முதல் கடலோடும் உல்லாசக் கலம், மசாசூசெட்ஸின் சேலம் நகரில் 1816இல் ஜார்ஜ் கிரௌனின்ஷீல்டு என்ற வணிகக் குடும்பத்தவருக்காகக் கட்டப்பட்டது. அவர் முதலில் எண்ணியிருந்த பெயரைக் கைவிட்டு 'கிளியோபாட்ராஸ் பார்ஜ்' என்று வைத்தார். எகிப்திய அரசியின் அலங்காரப் படகை நினைவூட்டும் அப்பெயருக்கேற்ப ஒரு பக்கத்தில் கிடைக்கோடுகளும் மறுபக்கத்தில் மீன்முள் வடிவக் கோலமும் தீட்டப்பட்டிருந்தன. அவர் 1817இல் இறந்த பின் கைமாறிய இக்கலத்தை 1820இல் ஹவாய் மன்னர் இரண்டாம் கமேகமேகா சந்தன மரங்களை விலையாகக் கொடுத்து வாங்கினார். 'ஹவாயின் பெருமை' என்று பொருள்படும் ஹவாய் மொழிப் பெயர் அதற்கு இடப்பட்டது. ஒரு வணிகரின் ஆடம்பரக் கனவாக இருந்தது, அந்நியக் கப்பல்கள் சூழ்ந்த ஒரு சிறு தீவரசின் தன்மதிப்புக்குச் சின்னமாயிற்று. 1824இல் கவாய் தீவின் ஹனலே விரிகுடாவில் அது உடைந்து மூழ்கியது.

பெயரிடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 1822இன் இத்தாலியக் கடற்கரையில். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியும் அவர் நண்பர் எட்வர்ட் வில்லியம்ஸும் லெரிச்சி அருகே கோடைகாலத்தைக் கழிக்க ஒரு பாய்ப்படகு கட்டச் சொல்லியிருந்தனர். ஜெனோவாவில் டேனியல் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் மேற்பார்வையில் வேலை நடந்தது. அதே இடத்தில் கவிஞர் பைரனுக்காகவும் ஒரு பெரிய படகு உருவாகிவந்தது. தென்னமெரிக்க விடுதலைத் தலைவரின் பெயரால் பைரன் தம் படகை 'பொலிவார்' என்று அழைத்தார். ஷெல்லியின் படகுக்கு நண்பர் ட்ரலானி முதலில் முன்மொழிந்தது பைரனின் நெடுங்காவியத் தலைப்பான 'டான் ஹுவான்'. ஷெல்லி தரப்பு முதலில் அதற்கு இசைந்து, படகு தமக்கே உரியது என்றான பின்னர், ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தில் வரும் காற்றின் ஆவியான 'ஏரியல்' என்று மாற்ற விரும்பியது. பைரன் இதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். மே 12ஆம் நாள் படகு வந்துசேர்ந்தபோது அதன் பெரும்பாயில் 'டான் ஹுவான்' என்ற பெயர் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருந்தது.

கவிஞரின் மனைவி மேரி ஷெல்லி சில வாரங்களுக்குப் பின் எழுதிய கடிதத்திலிருந்து, பாயில் படிந்த அந்தப் பெயரை அகற்ற வில்லியம்ஸும் ஷெல்லியும் 21 நாட்கள் இரவு பகலாக முயன்றதும், கர்ப்பூரத்தைலமும் சாராயமும் துணியைத் திட்டுத்திட்டாக்கியதோடு தோற்றுப்போனதும், இறுதியில் எழுத்திருந்த பகுதியை வெட்டியெடுத்து ஒட்டுப்போட்டதும் தெரியவருகின்றன. அவர் இம்முயற்சியை மறுஞானஸ்நானம் என்று மத மொழியிலேயே குறிப்பிடுகிறார். பொதுவாகப் பெயர் எழுதப்படும் பின்புறப் பலகையை விட்டு, கரையிலிருந்தே கண்ணில்படும் பாயில் அதைத் தீட்டச் செய்தது, ஒருவரின் உடைமை மீது மற்றொருவர் தம் புகழைப் பொறிக்கும் செயல் என்பதை ஷெல்லி குடும்பத்தார் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஜூலை 8ஆம் நாள் லிவோர்னோவிலிருந்து திரும்பும் வழியில் புயலில் படகு மூழ்கி, ஷெல்லியும் வில்லியம்ஸும் சார்ல்ஸ் விவியன் என்ற இளம் மாலுமியும் இறந்தனர். பெயரை மாற்றியதால் நேர்ந்த கேடு என்று பின்னாளில் கதை கட்டப்பட்டது. படகின் அளவுக்கு மீறிய பாய்களும், மேல்தளம் முழுமையாக மூடப்படாத அமைப்பும், புறப்பட்ட வேளையின் வானிலையும் போதிய காரணங்கள்; பெயரின் மீது பழிபோடும்போது இவை மறைந்துபோகின்றன. பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் அப்படகை இன்றும் 'டான் ஹுவான்' என்றே குறிப்பிடுவது ஷெல்லிக்கு இழைக்கப்படும் சிறிய, ஆனால் தொடரும் அநீதி.

விழாவில் பெண்கள் முன்வரிசைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1811இல் இங்கிலாந்தின் ஆட்சிப் பிரதிநிதியான இளவரசர், அதுவரை ஆண்களே செய்த பெயர்சூட்டலைச் சீமாட்டிகளும் செய்யலாம் என்று அனுமதித்தார். அமெரிக்கக் கடற்படையில் 1828இல் 'கான்கார்ட்' கப்பலுக்குப் பெயரிட்டவர் போர்ட்ஸ்மவுத் நகரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என்று மட்டுமே பதிவாகியுள்ளது. 1846இல் 'ஜெர்மன்டவுன்' கப்பலுக்குப் பெயரிட்ட லவினியா ஃபேனிங் வாட்சனே அங்கு பெயரோடு அறியப்படும் முதல் பெண். கலத்துக்குப் பெயர் தந்தவளின் பெயர் ஏட்டில் ஏற 18 ஆண்டுகள் ஆயின.

இச்சடங்கு ஓர் உல்லாசப் படகுக்காக உலக அரசியல் நிகழ்ச்சியாக விரிந்தது 1902 பிப்ரவரி 25ஆம் நாள். ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தமது பந்தயப் படகான 'மீட்டியோர்' வரிசையின் மூன்றாவதை நியூயார்க்கில், ஸ்டேட்டன் தீவுக்கு அருகிலுள்ள ஷூட்டர்ஸ் தீவில் கட்டச்செய்தார். வேண்டுமென்றே அமெரிக்கத் தளத்தைத் தேர்ந்து, அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் பெயரிட வேண்டும் என்று கேட்டு, தம் தம்பி இளவரசர் ஹைன்ரிக்கை நேரில் அனுப்பியதன் நோக்கம் இரு வல்லரசுகளிடையே நல்லுறவைக் காட்டுவது. 18 வயது நிரம்பியிருந்த ஆலிஸ், பேரரசரின் பெயரால் படகுக்கு 'மீட்டியோர்' என்று பெயர்சூட்டிப் புட்டியை உடைத்து, வெள்ளிக் கோடரியால் கயிற்றை வெட்டினார். எடிசனின் நிறுவனம் காட்சியைப் படம்பிடித்தது. பேரரசரின் உருவம் பதித்த பொன் கைவளை ஆலிஸுக்குப் பரிசாக வந்தது.

விழா முடிந்ததும் எழுந்த சச்சரவுதான் இந்நிகழ்ச்சியின் உண்மையான வரலாற்று மதிப்பு. உடைக்கப்பட்டது பேரரசர் விரும்பிய ஜெர்மானியத் தயாரிப்பான ஸோன்லைன் மதுவா, பிரெஞ்சு நிறுவனமான மோயே எ ஷாண்டோனின் ஷாம்பெயினா என்பதில் இரு தரப்பும் விளம்பரங்களில் மோதி, நீதிமன்றம்வரை சென்றன. ஏதென்ஸில் தெய்வத்துக்கு வார்க்கப்பட்ட மது, எந்த நிறுவனத்தின் புட்டி என்று வழக்காடும் பொருளாக மாறியிருந்தது. அரசரோ பேரரசரோ இல்லாத சாதாரணப் படகு விழாக்களிலும் ஷாம்பெயின் தவிர வேறெதுவும் பொருந்தாது என்ற எண்ணம் பரவியதில் இத்தகைய விளம்பரப் போர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு.

இதற்கிடையே பெயர் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது. 1894இன் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், பதிவான கலத்தின் பெயர் குறைந்தது 4 அங்குல உயர எழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டும் என்றும், வணிக வாரியத்தின் எழுத்துமூல அனுமதியின்றிப் பெயரை மாற்றக் கூடாது என்றும் விதித்தது. கடனையும் குற்றத்தையும் மறைக்கப் பெயர் மாற்றுவோரைத் தடுப்பதே அரசின் கவலை. தேயிலை வணிகர் தாமஸ் லிப்டனின் நீராவி உல்லாசக் கப்பல் இவ்விதிகளுக்கும் போருக்கும் இடையில் பட்ட பாடு குறிப்பிடத்தக்கது. சிசிலியின் ஃப்ளோரியோ குடும்பத்துக்காக 1896இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அது, அவர்களின் தீவான ஃபவிஞானாவின் பழம்பெயரால் 'ஏகூசா' எனப்பட்டது. அயர்லாந்து வேர்கள் கொண்ட லிப்டன் அதை வாங்கி, அந்நாட்டின் கவித்துவப் பெயரான 'எரின்' என்று மாற்றினார். முதல் உலகப் போரில் பிரிட்டன் துருக்கிக்காகக் கட்டிய போர்க்கப்பலைக் கைப்பற்றி அதற்கு 'எரின்' என்றே பெயரிட்டிருந்ததால், கடற்படையில் சேர்க்கப்பட்ட லிப்டனின் கப்பல் மீண்டும் 'ஏகூசா' ஆயிற்று. 1916 ஏப்ரலில் மால்டா அருகே கண்ணிவெடியில் மூழ்கியது. 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கோப்பைக்காக அவர் கட்டிய ஐந்து பந்தயப் படகுகளும் அயர்லாந்தின் சின்னமான 'ஷாம்ராக்' என்ற ஒரே பெயரைத் தாங்கின. அவற்றுக்கான செல்வத்தில் ஒரு பகுதி இலங்கையின் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன முதலிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பறித்த தேயிலையிலிருந்து வந்தது என்பதை அப்பெயர்கள் எதுவும் நினைவூட்டவில்லை.

மாற்றப்பட்ட பெயர் கேடு தரும் என்ற நம்பிக்கை உல்லாசப் படகு உலகில் இன்று மிகப் பரவலானது. ஆயினும் 1851இல் இங்கிலாந்தில் வென்று கோப்பைக்கே தன் பெயரைத் தந்த 'அமெரிக்கா', பின்னர் 'கமில்லா' ஆகி, உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தவரிடம் 'மெம்ஃபிஸ்' ஆகி, புளோரிடா ஓடையில் மூழ்கடிக்கப்பட்டு, வடவரால் மீட்கப்பட்டுப் பழைய பெயருடன் மீண்டும் பந்தயம் ஓடியது. பெயர்சூட்டலின்போது புட்டி உடையாவிட்டால் தீங்கு என்பதற்கும் சான்று இல்லை. 1966 மார்ச்சில் கோஸ்போர்ட்டில் பிரான்சிஸ் சிசெஸ்டரின் 'ஜிப்சி மோத் 4' இறக்கப்பட்டபோது, அவர் மனைவி ஷீலாவின் முதல் வீச்சில் புட்டி உடையவில்லை, படகும் சறுக்குத் தளத்தில் நகராமல் நின்றது. அதே படகில்தான், புறப்படும்போது 65 வயதை எட்டவிருந்த அவர் தனியாக உலகைச் சுற்றி 1967 மே 28ஆம் நாள் பிளிமத் திரும்பினார்.

பெயர்மாற்றத்துக்கான விரிவான சடங்கு முறைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் விகோர் போன்ற பாய்ப்படகு எழுத்தாளர்களால் பரவலாயின. பழைய பெயரைப் பலகை, உயிர்காப்பு வளையம், பயணக் குறிப்பேடு என எல்லாவற்றிலிருந்தும் நீக்கி, கடல்தெய்வத்தின் பேரேட்டிலிருந்தும் அதை அழிக்குமாறு வேண்டி, ஷாம்பெயினைக் கடலில் ஊற்றிய பிறகே புதிய பெயரைப் படகில் ஏற்ற வேண்டும் என்பது அவற்றின் சாரம். இவை தொன்மையானவை என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. ஆனால் பிறர் வைத்த பெயரோடு வரும் பழைய படகைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு முறையான வழி தேவை என்ற உணர்வு மெய்யானது, மதிக்கத்தக்கது. குழந்தைகளுக்கான கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் ரேன்சம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1931இல் லிட்டில்ஹாம்ப்டனில் கட்டப்பட்டு 'ஸ்பின்ட்ரிஃப்ட்' என்றும் 'எலக்ட்ரான்' என்றும் அழைக்கப்பட்ட சிறு படகை அவர் 1934இல் வாங்கி, தம் கதைகளில் தனக்குத் தானே புதுப்பெயர் சூட்டிக்கொண்ட துணிச்சல்காரச் சிறுமியின் பெயரால் 'நான்சி பிளாக்கெட்' என்று மாற்றினார். 1937இல் வெளிவந்த அவரது நாவலில் குழந்தைகள் வடகடலைக் கடக்கும் படகுக்கு அதுவே மாதிரி. பிற்காலத்தில் சிதைந்து கிடந்து செப்பனிடப்பட்ட அப்படகை 1997இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, அந்த மூன்றாவது பெயரிலேயே இயக்கிவருகிறது.